கொடுக்கும் கையும் குறைகூறும் நாவும்

ஒரு சமுதாயத்தின் உயர்வை அதன் கோபுரங்களைக் கொண்டு அளப்பார் உண்டு. அது எடுக்கும் விழாக்களைக் கொண்டு அளப்பாரும் உண்டு. அச்சமுதாயத்தில் பசித்த பிள்ளை மாலை ஐந்து மணிக்கு எந்தக் கதவைத் தட்டுகின்றது என்று பார்த்து அளப்பார் மிகச் சிலரே. அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், மலேசியத் தமிழர் வாழும் குடியிருப்புகள் சிலவற்றில் அது ஒரு சிறிய தேவாலயத்தின் வாயிலைச் சுட்டுகின்றது. இவ்வுண்மை சிலருக்குக் கசக்கின்றது. கசப்பதனால் உண்மை பொய்யாகிவிடாது.

ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போயின. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த குடும்பங்கள் நகரோரத்து மலிவுவிலை அடுக்குமாடிகளில் ஒதுங்கின. தோட்டத்தில் கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, பிள்ளைகளைக் காக்க ஆயாக் கொட்டகையும் இருந்தது. அடுக்குமாடியில் இருப்பதோ ஒரு மின்தூக்கி. அதுவும் பாதி நாள் இயங்குவதில்லை. பெற்றோர் இருவரும் தொழிற்சாலையில் மாறுநேர வேலைக்குச் செல்ல, பிள்ளை படிக்கட்டில் அமர்ந்து பொழுதைப் போக்குகின்றது. அப்பிள்ளையை அழைத்து, தேவாலய மண்டபத்தில் அமர்த்தி, ஒரு குவளை மைலோவும் இரண்டு ரொட்டியும் கொடுத்து, தேசிய மொழியும் கணக்கும் சொல்லிக் கொடுக்கின்றனர் சில இளைஞர்கள். குடிகாரக் கணவனிடம் அடிபட்ட பெண்ணின் குறையை அமர்ந்து கேட்கின்றனர் சில மூதாட்டியர். இதற்குப் பெயர்தான் அருட்பணி, சமூகப்பணி என்பன.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. நாட்கூலியை நம்பி வாழ்ந்தோரின் அடுப்பு அணைந்தது. 2021இன் நடுப்பகுதியில், உணவில்லாதோர் தம் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டும் நிலையும் இந்நாட்டில் ஏற்பட்டது. அக்கொடியைக் கண்டு ஓடி வந்தோரில் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். கோயில்கள் கொடுத்தன, குருத்துவாராக்கள் கொடுத்தன, பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கொடுத்தன. பசி எவரையும் சமயம் கேட்கவில்லை. ஆனால் கொடி இறங்கிய பின்னும் யார் வந்தனர் என்பதே கேள்வி. பேரிடரில் கொடுப்பது எளிது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கொடுப்பதே அரிது.

இங்கேதான் குறைகூறும் நா நீளுகின்றது. ‘அரிசி மூட்டையைக் காட்டி ஆள் பிடிக்கின்றனர்’ என்று காப்பிக் கடையில் ஒருவர் கொதிக்கின்றார். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மற்றொருவர் மேசையைத் தட்டுகின்றார். அப்பிள்ளை படிக்கட்டில் பசித்துக் கிடந்தபோது அக்குரல்கள் எங்கே போயிருந்தன? திருமணங்களுக்கு வாடகைக்கு விடப்படும் கோயில் மண்டபம் வாரத்தின் ஐந்து மாலைகளும் பூட்டிக் கிடக்கின்றது. அதன் சாவி எவர் கையில் இருப்பது என்பதற்கே வழக்கு நடக்கும் ஊர்களும் உள்ளன. பூட்டிய மண்டபத்தைக் காவல் காத்துக்கொண்டு, திறந்த மண்டபத்தைப் பழிப்பது எவ்வகை அறம்?

வரலாறும் இக்குறைகூறிகளுக்குத் துணை நிற்கவில்லை. இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது 1816. அவ்வாண்டில் பினாங்கு இலவசப் பள்ளியை நிறுவிய ஹட்சிங்ஸ் என்பார் ஆங்கிலத் திருச்சபையின் பாதிரியார். அப்பள்ளியில்தான் தமிழ் வகுப்பு அமைந்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே மறைப்பணியாளர் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டனர். மெதடிஸ்ட் என்றும், செயிண்ட் ஜோசப் என்றும், கான்வென்ட் என்றும் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இந்நாட்டில் உள்ளன. அவற்றில் படிப்போரில் பெரும்பாலோர் திருநீறு அணியும் வீட்டுப் பிள்ளைகளே. 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டுவதற்கு முன்னின்று உழைத்த தனிநாயகம் அடிகளார் கத்தோலிக்கக் குருவானவர். அவர் தமிழுக்குச் செய்த தொண்டை எவரும் மதமாற்றம் என்று சொன்னதில்லை.

ஆயினும், இவ்வளவும் கூறியது தேவாலயத்துக்கு வெற்றுப் பாராட்டு வழங்குவதற்கன்று. அதே துலாக்கோலில் அதனையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். திரும்பப் பெறும் நோக்கோடு கொடுப்பது கடன் போன்றதே என்று வள்ளுவர் ஈகைக்கு இலக்கணம் வகுத்தார். கொடுத்த அரிசிக்கு ஈடாக ஓர் ஆன்மாவைக் கணக்கில் வரவு வைப்பதும் அவ்வகைக் கடனே. நல்ல சமாரியன் கதையை ஞாயிறுதோறும் சொல்லும் சபைகள் அதனை ஊன்றிப் படித்ததுண்டா? வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டிய சமாரியன், அவனைத் தன் மலைக்கு வந்து தொழும்படி கேட்கவில்லை. சத்திரக்காரனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனான்.

சில சபைகள் அவ்வாறு போவதில்லை. வகுப்புக்கு வரும் பிள்ளையை ஞாயிறு ஆராதனைக்கும் வரச் சொல்கின்றன. தாய் ஏற்றும் குத்துவிளக்கை இருள் என்று பத்து வயதுப் பிள்ளையின் செவியில் ஓதுகின்றன. வளர்ந்தவர் ஒருவர் ஆய்ந்து தெளிந்து தம் சமயத்தை மாற்றிக்கொள்வாரேயானால் அது அவரது உரிமை. பிள்ளையின் நிலை வேறு. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் சமயத்தை முடிவு செய்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகின்றது. கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் சுவர் எழுப்புவது தொண்டாகாது.

இன்னொரு குறையும் உண்டு. 1887இல் சோபியா பிளாக்மோர் அம்மையார் சிங்கப்பூரில் ஒன்பது இந்தியச் சிறுமியரைக் கொண்டு தொடங்கியது ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’. அதுவே இன்று புகழ்பெற்று விளங்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. பெயரிலிருந்த தமிழ் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. இன்றும் தமிழரைத் தேடி வரும் சபைகள் சில, வந்தோரின் பிள்ளைகளை ஆங்கில ஆராதனைக்கு அனுப்பிவிட்டுத் தமிழை முதியோருக்கு மட்டும் ஒதுக்குகின்றன. தமிழரிடம் தமிழில் வந்த நற்செய்தி, அவர்தம் பேரப் பிள்ளைகளிடமிருந்து தமிழைப் பறிப்பதற்கா வந்தது?

இனிச் செய்ய வேண்டுவது என்ன? சபை தன் மண்டபத்தைத் திறந்தே வைக்கட்டும். தலை எண்ணும் ஏட்டை மட்டும் மூடி வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வராத பிள்ளைக்கும் செவ்வாய்க்கிழமை அதே நாற்காலி காத்திருக்கட்டும். அதன் பணி தொண்டா, தூண்டிலா என்பதற்கு அந்த நாற்காலியே சான்று. கோயில்களோ பூட்டைத் திறக்கட்டும். வாரத்தில் இரண்டு மாலை போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர் இல்லாத வட்டாரம் உண்டா? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின், பின்தங்கும் பிள்ளையை இனங்காட்டிய கண்ணாடியும் போய்விட்டது. அப்பிள்ளை இடைநிலைப்பள்ளியில் தடுமாறி விழும்போதுதான் வீடு விழித்துக்கொள்கின்றது. அதுவரை காத்திருக்க வேண்டுமா? 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. அவரை வணங்குவோர்க்கு அடுப்பு மூட்டும் வழியை அயலார் கற்பிக்க வேண்டியதில்லை.

சபையின் பணி வளர்ந்தது கண்டு அஞ்சுவோர், தம் பணி தளர்ந்தது கண்டு நாணட்டும். இரு வாயில்களும் திறந்திருக்கும் நாளில், அடுக்குமாடிப் படிக்கட்டில் அமர்ந்திருக்கும் பிள்ளை எழுந்து தன் விருப்பப்படி ஒன்றினுள் நுழையும். எதனுள் நுழைந்தாலும் அதன் வயிறு நிறையும், பாடமும் நடக்கும். அந்நாளில் குறைகூறும் நாவுக்கு வேலை இராது.