பெயரன் இழந்த பெயர்

தில்லியில் வாழும் தமிழர் இல்லத்தில் ஆண்மகவு பிறந்தால், இன்று முதலில் தேடப்படுவது பாட்டனாரின் பெயர் அன்று, பெயர்ப் பட்டியல். அகரவரிசையில் நூற்றுக்கணக்கான பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பொருள். ஒளி, வெற்றி, அரசன், அமைதி: இவற்றுக்கு அப்பால் உலகில் பொருளே இல்லை போலும்! அண்மையில் நான் சென்றிருந்த பெயர்சூட்டு விழா ஒன்றில் குழந்தைக்கு 'ஆரவ்' என்று பெயரிட்டார்கள். பொருள் யாதென வினவினேன். 'அமைதி' என்றார் இளந்தந்தை. வடமொழி அகராதியோ 'ஆரவ' என்னும் சொல்லுக்கு முழக்கம், கூச்சல் என்று பொருள் கூறுகிறது. ஆரவாரம் என்ற சொல் நாவிற் பழகிய தமிழருக்கு இஃது எப்படித் தோன்றாமற் போயிற்று? தொட்டிலிற் கிடந்த பிள்ளை மட்டும் அகராதியின் பக்கமே நின்று வீறிட்டு அழுதது.

பிழையான பொருளை எழுதியவரைக் காட்டிலும், பொருள் பட்டியலில் இருக்கிறது என்று நம்பியவர் மீதே என் வழக்கு. பெயரின் பொருள் அதனை இட்ட காரணத்தில் இருக்கிறது. முதுமையில் மகன் பிறப்பான் என்று கேட்டு நகைத்த பெற்றோரின் பிள்ளைக்கு எபிரேயத்தில் 'நகைப்பான்' என்று பெயர். அவனே நம் கிறித்தவர் வீடுகளில் ஈசாக்கு. கானா நாட்டு அக்கான் மக்கள் வெள்ளியன்று பிறந்தவனைக் கோஃபி என்பர். சனியன்று பிறந்தவனைக் குவாமே என்பர். 1997 முதல் 2006 வரை ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளராக விளங்கிய கோஃபி அன்னான், அந்தக் கிழமைப் பெயரோடுதான் உலகத் தலைவர்களிடையே அமர்ந்திருந்தார். நம் அண்டை வீட்டுச் சீக்கியர், குரு கிரந்த சாகிபைத் திறந்து, கண்ணிற்படும் பாடலின் முதலெழுத்தைக் கொண்டு பெயரிடுகின்றனர்.

நமக்கு மட்டும் காரணம் இல்லையா? மகனின் மகனைப் 'பெயரன்' என்றே அழைத்த மொழி நம்முடையது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் கருத்து. 'பேரன்' அதன் மரூஉ. பல்லவர் மரபில் முதலாம் மகேந்திரவர்மனின் பெயரன் இரண்டாம் மகேந்திரவர்மன். மாமனார் பெயரை மருமகள் வாயாற் சொல்லலாகாது என்ற கட்டுப்பாடு இருந்த நாளிலும், அவள் பிள்ளையை அழைக்கச் செல்லப்பெயர் ஒன்றைத் தேடிக்கொண்டார்களேயன்றி, பாட்டன் பெயரைக் கைவிட்டார்களில்லை.

'குப்புசாமி என்றா வைப்பது?' என்று முகஞ்சுளிப்போர் உளர். அப்பெயரில் என்ன குறை? பெற்ற பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டுபோக, அடுத்துப் பிறந்ததைக் குப்பையிற் கிடத்தி, எவருக்கும் வேண்டாத பொருள்போல் எமனுக்குக் காட்டி, பின் வாரியெடுத்து வளர்த்தாள் ஒரு தாய். பிச்சை என்பதும் அத்தகையதே. தவிட்டுக்கு விற்று மீட்ட பிள்ளைகளும் உண்டு. சீனச் சிற்றூர்களில் இதே அச்சத்தால் பிள்ளைக்கு நாயின் பெயரிட்டனர். உயர்ந்தோர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டோர் பிறர்மேல் இழிவாகச் சுமத்திய பெயர்களை உதறுவது வேறு. அதனை நான் வரவேற்கிறேன். தாய் நடுங்கும் கையால் இட்ட பெயருக்கு நாணுவது வேறு.

'வடநாட்டார் வாயில் நுழைய வேண்டாமா?' என்பது அடுத்த வாதம். என் மகன் பெயரில் ழகரம் உண்டு. பள்ளியில் இரண்டு திங்கள் அதனை லகரமாக்கினர். மூன்றாம் திங்களில் ஏறத்தாழச் சரியாகவே அழைத்தனர். அவன்தான் கற்பித்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்குள்ள படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கின்றன. நமக்கு ஏது குடும்பப் பெயர்? குப்புசாமியின் மகன் தந்தை பெயரையே அந்தக் கட்டத்தில் எழுதிவிடுகிறான். அவனுக்குப் பிள்ளை பிறக்கும்போது அதே பெயர் பிள்ளையையும் தொடர்கிறது. வீட்டிலே வேண்டாமென்று ஒதுக்கிய பெயர், பிறப்புச் சான்றிதழில் வந்து அமர்ந்துகொள்கிறது: ஆரவ் குப்புசாமி.