தேருக்கு வடம் உண்டு, போருக்கு?

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம். அச்சினைப் பார்ப்பர், சக்கரத்தைப் பார்ப்பர், வடத்தின் வலிவைப் பார்ப்பர், பிறகே இழுப்பர். தோழர்களே! தேர் தெய்வத்தை நம்பி ஓடவில்லை. முன்கூட்டிப் பார்த்த மனிதன் மதியால், இழுக்கும் மனிதன் தோளால் ஓடுகிறது. தேருக்குக் காட்டும் இந்த முன்மதியை, டில்லி போருக்குக் காட்டிற்றா?

1962 பிப்ரவரியில் எட்டுக் கோள்கள் கூடுகின்றன, உலகம் அழியும் என்றனர் சோதிடர். நாடெங்கும் யாகம், நெருப்பிலே நெய்! உலகம் அழியவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 20இல் சீனப் படை பாய்ந்தது. கோள்கள் அதனை அறிவிக்கவில்லை; 1959இல் லோங்சுவிலும் கொங்கா கணவாயிலும் சிந்திய செங்குருதி அறிவித்திருந்தது. கேட்கத்தான் செவியில்லை!

நம்கா சூ ஆற்றங்கரையில் நம் வீரன் நின்ற கோலம் என்ன? கடுங்குளிரில் பருத்தி உடை. கையில் முதல் உலகப்போரில் புழங்கிய ரகத் துப்பாக்கி. பருத்தியை நாம் அறியாதவரா? இராசபாளையத்து ஆலைகள் நூற்பது பருத்தி. பக்கத்துச் சத்திரப்பட்டி நெய்வது காயத்துக்குக் கட்டும் துணி. காயத்துக்குப் பருத்தி; பனிக்குக் கம்பளி! தறியடிப்பவன் அறிந்ததைத் தலைநகர் அறியாதா? அறியும். காலத்தே பணம் ஒதுக்கத்தான் மனமில்லை.

தாக்குதல் தொடங்கியபின் திறந்தனர் தேசியப் பாதுகாப்பு நிதி. தாய்மார் நகையைக் கழற்றித் தந்தனர். திராவிட நாடு கேட்ட கழகமும் வேறுபாட்டை ஒதுக்கித் துணைநின்றது. 1963இல் பாதுகாப்புக்கு 867 கோடி ரூபாய் ஒதுக்கினர். முன்னாளில் இல்லாத பணம், பின்னாளில் எங்கிருந்து முளைத்தது?

பழங்கதை என்பீரோ? 152 வகை வெடிபொருள்களில் 61 வகை, பத்து நாள் போருக்கும் போதா என்றது 2017இல் வெளியான இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை. தளவாடங்களில் 68 விழுக்காடு பழையவை என்று 2018இல் நாடாளுமன்றக் குழுவிடம் உரைத்தார் தரைப்படைத் துணைத் தளபதி. பனிமலை வீரனின் காலணிக்கும் கண்ணாடிக்கும் தட்டுப்பாடு என்றது 2020இல் வெளிவந்த தணிக்கை அறிக்கை.

போர்வெறி நாம் கொண்டோமில்லை. அமைதியே நமது வேட்கை. ஆனால், காவலுக்கு அனுப்பியவனை வெறுங்காலோடு நிறுத்துவது அமைதியன்று, அநீதி! செத்தபின் அவனுக்கு மலர்வளையம் வைப்போர், வாழுங்கால் காலணி வழங்கட்டும்.

கணக்குக் கேட்பது துரோகமன்று, அதுவே நாட்டுப்பற்று. வடம் பாராது தேரிழுப்பவனை மூடன் என்போம். படைக்கலம் பாராது பகைமுன் பிள்ளைகளை நிறுத்துவோரை என்னென்பது? இளைஞர்களே, கேளுங்கள்! போர்ப்பறை முழங்கும் நாளில் அன்று. நிதிநிலை அறிக்கை படிக்கும் நாளில்!