பதவிப் பெயரையும் பேசி வாங்குங்கள்

புது வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இப்போதெல்லாம் சம்பளத்தை ஓரளவு துணிந்து கேட்டுவிடுகிறார்கள். பதவிப் பெயர் விஷயத்தில் மட்டும், நியமனக் கடிதத்தில் என்ன அச்சடித்து வருகிறதோ அதற்குக் கீழே பேசாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். "பேர்ல என்னங்க இருக்கு, சம்பளம்தானே முக்கியம்" என்பார்கள். பேரில் என்ன இருக்கிறது என்பது அடுத்த வேலைக்கு மனுச் செய்யும்போதுதான் தெரியும்.

இந்தத் தயக்கம் வந்த வழி எனக்குப் புரிகிறது. தோட்டத்தில் கங்காணி, மண்டோர், கிராணி, துரை என்று ஒவ்வொரு பெயரும் மேலிருந்து கொடுக்கப்பட்டது. அந்தப் பெயர்தான் குடியிருக்கும் வீட்டையும் முடிவு செய்தது. துரைக்கு பங்களா, கிராணிக்குத் தனி வீடு, பால்மரம் வெட்டியவருக்கு லயத்து வீடு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த குடும்பங்களுக்கும் பதவி என்பது துறை பார்த்துக் கொடுப்பதுதான். அரசாங்க வேலையில் இன்றும் அப்படியே. 2024 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சம்பளத் திட்டத்தில் 41ஆம் கிரேடு 9ஆம் கிரேடு ஆனது. அதில் யாரும் தனியாகப் பேரம் பேசவில்லை, பேசவும் முடியாது. இப்படிப் பழகிய அப்பா, "குடுக்கறத வாங்கிக்கம்மா" என்று மகளுக்குச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் மகள் போவது தனியார் நிறுவனத்துக்கு. அங்கே எல்லாருக்கும் பொதுவான ஏணி இல்லை. ஓர் அலுவலகத்தின் எக்சிகியூட்டிவ் செய்யும் வேலையைப் பக்கத்துக் கட்டடத்தில் மேனேஜர் செய்வார்.

கிள்ளான் பெண் ஒருத்தியை வைத்துக்கொள்வோம். போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஐந்து வருடமாகக் கிளார்க். செய்வதோ சுங்கப் பத்திரங்களைச் சரிபார்ப்பது, புதிதாக வந்த இருவரைப் பழக்குவது, கோபத்தோடு அழைக்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது. கே.எல். சென்ட்ரல் பக்கம் ஒரு நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சம்பளம் 3,120 வெள்ளி (கணக்குப் போட வசதியாக இருக்கட்டும்). பதவி, ஷிப்பிங் அசிஸ்டன்ட். இதை ஏற்றுக்கொண்டால் ஐந்து வருட அனுபவம் காகிதத்தில் உதவியாளராகவே நிற்கும். மூன்று வருடம் கழித்து அவளுடைய விவரக் குறிப்பைப் பார்க்கும் இன்னொரு நிறுவனம், "இன்னும் அசிஸ்டன்ட்தானா?" என்று அடுத்த தாளுக்குப் போய்விடும்.

கேட்க வேண்டிய நேரம் ஒன்றுதான். நீங்கள்தான் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்த பிறகு, நீங்கள் கையெழுத்துப் போடும் முன். நேர்முகத் தேர்வின் நடுவில் கேட்டால் அவசரக்காரர் ஆவீர்கள். வேலையில் சேர்ந்தபின் கேட்டால் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்பார்கள். வயதையும் வருடங்களையும் சொல்லிக் கேட்பதால் பயன் குறைவு. வேலையைச் சொல்லுங்கள். "நீங்கள் விவரித்த பொறுப்பில் இரண்டு பேரை மேற்பார்வையிடுவதும் இருக்கிறது. அதைத்தான் இப்போதும் செய்கிறேன். அதற்கேற்ப சீனியர் எக்சிகியூட்டிவ் என்று போட முடியுமா?" இவ்வளவு போதும். இதில் வாய்த்துடுக்கு எதுவும் இல்லை.

வங்கிகளிலும் பெரிய அனைத்துலக நிறுவனங்களிலும் பதவிகளுக்குக் கிரேடு உண்டு. ஒருவருக்காக அதை மாற்றுவது கடினம். அங்கே, "இது எந்தக் கிரேடு, அடுத்த கிரேடுக்குப் போக என்ன வேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளலாம். சிறிய நிறுவனத்தில் பெயரை மாற்ற முதலாளிக்கு ஒரு காசு செலவில்லை. அதனால் உடனே கிடைக்கும். உடனே கிடைக்கும்போதுதான் சற்று உஷாராக இருக்க வேண்டும்.

ஏனென்றால், "சரி, எக்சிகியூட்டிவ் போட்டுடலாம், ஆனா எக்சிகியூட்டிவுக்கு ஓவர்டைம் கிடையாது" என்று ஒரு வரி பின்னாலேயே வரும். பலர் இதை நம்பிவிடுகிறார்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது. ஓவர்டைம் உண்டா இல்லையா என்பதற்கு அது வைத்திருக்கும் கோடு மாத ஊதியம் 4,000 வெள்ளி. அதைத் தாண்டாதவருக்கு, அட்டையில் மேனேஜர் என்றே போட்டிருந்தாலும், சாதாரண நாளில் மணிக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தாக வேண்டும். நம் பெண்ணின் 3,120 வெள்ளியை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 120. எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் 15. ஒன்றரை மடங்கு 22 வெள்ளி 50 காசு. மாதம் 20 மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் 450 வெள்ளி. ஒரு பெயருக்காக மாதா மாதம் இதை விட்டுக்கொடுப்பதா? சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தாலும் செல்லாது.

தொழிற்சங்கம் உள்ள இடத்தில் கணக்கு வேறு. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களை 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டம் சாதாரண ஊழியர் சங்கத்தின் வட்டத்துக்கு வெளியே வைக்கிறது. வங்கியில் கிளார்க்காக இருந்து ஆபீசர் ஆகிறவர், கூட்டு ஒப்பந்தம் வாங்கித் தரும் சம்பள உயர்வையும் சலுகைகளையும் விட்டுத்தான் போகிறார். புதுச் சம்பளம் அதை ஈடுகட்டுகிறதா என்று ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது நல்லது.

சில பெயர்களைக் கேட்டுப் பயனில்லை. மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதியாதவர் தன்னை அக்கவுண்டன்ட் என்று சொல்லிக்கொள்ள 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டம் இடம் தரவில்லை. அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ் என்ற பெயர் இத்தனை பேருக்கு இருப்பது இதனாலும்தான். இஞ்சினியர் என்பதற்கும் பொறியாளர் வாரியத்தில் பதிவு வேண்டும்.

ஆளே இல்லாத மேனேஜர் பதவியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும், பெண் பார்க்க வரும் இடத்திலும் எடுபடும். அடுத்த நேர்முகத் தேர்வில், "உங்களுக்குக் கீழே எத்தனை பேர், எவ்வளவு பட்ஜெட்?" என்ற முதல் கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். சம்பளச் சீட்டையும் கேட்பார்கள். செய்யும் வேலைக்கு ஒரு படி குறைவான பெயர் இருந்தால் போராடுங்கள். இரண்டு படி கூடுதலாகத் தந்தால், எதற்காக என்று கேளுங்கள்.

இப்போது முடியாது என்று சொன்னால், ஆறு மாதம் கழித்துப் பரிசீலிப்பதாகவும், அதற்குள் நீங்கள் என்ன செய்து காட்ட வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச் சொல்லைக் கொடுத்த மேலாளர் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே எழுதித் தரச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். பேசி முடித்த பெயர் கடிதத்தில் எழுத்துப் பிசகாமல் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய இடத்தில் ராஜினாமாவைக் கொடுங்கள்.