கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி கிடையாதா?

கோவையில் பழைய ஜெர்மன் கார்களுக்கு வேலை பார்க்கிறேன். 'என்ஜின் லைட் எரியுதுண்ணே' என்று வருகிறவர்கள் கையோடு ஒரு நம்பரையும் கொண்டு வருகிறார்கள்: பி0411. வேறெங்கோ ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, 'ஏர் பம்ப் போச்சு, மாத்தணும்' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த நம்பர் பம்பைக் குறை சொல்லவே இல்லை. எக்ஸாஸ்டுக்குப் போகவேண்டிய காற்று சரியாகப் போகவில்லை என்கிறது, அவ்வளவுதான். ஏன் போகவில்லை என்று தேடத்தான் மெக்கானிக் இருக்கிறான்.

ஆறிக்கிடக்கும் என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகவே இறங்கும். அதில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறும். அதைச் சுத்தம் செய்யவேண்டிய கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோ சூடேறாமல் வேலை செய்யாது. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இந்த பம்ப். வெளிக்காற்றை எக்ஸாஸ்டுக்குள் ஊதி மிச்சத்தை அங்கேயே எரிக்கும், கன்வர்ட்டரும் சீக்கிரம் சூடாகும். பிறகு பம்ப் நின்றுவிடும்.

ஆகவே வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் சாவி போடும்போது பானெட் பக்கம் நின்று கேட்கவேண்டும். வாக்குவம் கிளீனர் மாதிரி இரைந்தால் மோட்டார் ஓடுகிறது. சத்தமே இல்லையா? முதலில் ஃப்யூஸ், ரிலே, ஒயர்; பம்ப் அப்புறம். ஓடியும் அந்த நம்பர் வந்தால் ஹோஸ் கிழிந்திருக்கலாம்.

நான் அதிகம் சந்தேகப்படுவது வால்வைத்தான். பம்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே இருக்கும் அது, பம்ப் நின்றதும் இறுக மூடவேண்டும். கரி பிடித்து மூடாமல் போனால் சூட்டுப் புகை பம்ப் பக்கம் திரும்பி வரும். அதிலுள்ள ஈரம் பம்புக்குள் தங்கி மோட்டாரைத் துருப்பிடிக்கவைக்கும். ஹோஸைக் கழற்றி விரலைவிட்டால் கரி மை மாதிரி ஒட்டும். இதைப் பார்க்காமல் பம்பை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில்தான் போகும்.

ஆனால் பில்லில் பம்புக்கு ஒரு வரி உண்டு, காலையில் காத்திருந்து கண்டுபிடித்ததற்கு இல்லை. 'சும்மா பாத்ததுக்கா காசு?' என்கிறார்கள். பார்ட்ஸ் விற்றால்தான் வயிறு நிறையும் என்றால் பார்ட்ஸ்தான் விற்பார்கள். ஒர்க்‌ஷாப்களை மட்டும் திட்டிப் பயனில்லை. பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் வேண்டும். எதையெதைச் சோதித்தோம், என்ன கண்டோம் என்று பில்லிலேயே எழுதித் தரவும் வேண்டும். எழுதாதவனுக்கு அந்தக் காசு கேட்கும் உரிமை இல்லை.

'புகைச் சான்றிதழ் இருக்கே, அப்புறம் என்ன?' என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் சோதனை சூடான என்ஜினில் நடக்கிறது. அப்போது இந்த பம்ப் ஓடாது, கெட்டிருந்தாலும் பாஸ்தான். விளக்கை மட்டும் சாஃப்ட்வேரில் அணைத்துத் தரச் சொல்வதும் நடக்கிறது. அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

அடுத்தமுறை யாராவது பம்ப் மாற்றினால் பழசைக் கேட்டு வாங்குங்கள். கவிழ்த்துப் பாருங்கள். உள்ளிருந்து தண்ணீர் சொட்டினால், வால்வைச் சோதித்தீர்களா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.