நாய்க்குட்டியின் கழிச்சலை அலட்சியம் செய்யலாமா?

வேடந்தாங்கல் ஏரி நீரில் கலக்கும் பறவை எச்சம் வயலுக்கு நல்ல உரம் என்பதை இவ்வட்டார விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அறிவர். பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடியைத் தவிர்ப்பவர்கள் இவ்வூரார். இப்பெருமக்கள், களத்தையும் தொழுவத்தையும் காவல் காக்கும் நாயின்மீதும் சிறிது கருத்துச் செலுத்த வேண்டும்.

நாய்க்குட்டி வாந்தி எடுத்தால், "எதையோ தின்றுவிட்டது, ஒரு நாள் பட்டினி போட்டால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். வளர்ந்த நாய்க்குக் கெட்டுப்போன சோறோ மீன் முள்ளோ காரணமாகலாம். ஆனால், ஆறு வாரம் முதல் ஆறு மாத வயதுக் குட்டி தீனி மறுத்துச் சோர்ந்து, வாந்தியுடன் நாற்றமுள்ள இரத்தக் கழிச்சல் கண்டால், பார்வோ என்னும் நச்சுயிரி நோயை முதலில் ஐயுற வேண்டும். 1978-ல் பல நாடுகளில் கண்டறியப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் பதிவான நோய் இது. குடலின் உட்சுவரைச் சிதைத்து, உடல் நீரை வற்றச் செய்து, இரண்டு மூன்று நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. கொக்கிப்புழுவும் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும். எனவே மலத்தைச் சோதித்துப் பார்ப்பதே முறை.

இந்நிலையில் கைவைத்தியம் கூடாது. பூண்டும் வெங்காயமும் நாய்க்கு ஆகாதவை. மனிதருக்கான மாத்திரைகளையும் கொடுக்கக்கூடாது. உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசென்று குளுக்கோஸ், உப்பு நீர் ஏற்றுவதே உயிர் காக்கும்.

பறவையின் எச்சம் உரம். நோயுற்ற நாயின் மலமோ நஞ்சு. இந்நச்சுயிரி மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருந்து, செருப்பில் ஒட்டி வீட்டுக்கு வீடு செல்லும். மலத்தை ஆழப் புதைத்து, கிடந்த தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவ வேண்டும். பினாயில் போதாது.

வருமுன் காப்பதே சிக்கனம். குட்டிக்கு இரண்டாம் வாரத்திலிருந்து குடற்புழு நீக்க மருந்து கொடுக்கலாம். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசியும், பின்னர் 16 வாரம் ஆகும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் போடவேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஊசியின் பயனைக் குறைக்கக்கூடும் என்பதால், ஒன்றோடு நிறுத்துவது வீண்.

வெறிநோய் ஊசியை நினைவில் வைக்கும் நாம் இதை மறந்துவிடுகிறோம். மாடுகளுக்கு நடத்தும் முகாம்களிலேயே நாய்க்குட்டிகளுக்கும் குறைந்த செலவில் இத்தடுப்பூசி போட ஊராட்சிகள் முன்வர வேண்டும். பறவைக்கு அடைக்கலம் தந்த ஊர்கள் இதிலும் வழிகாட்டலாமே!