மழை மேல் பழி

காவிரி டெல்டாவில் குறுவை நெல் அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வருவது புதுச் செய்தியல்ல. ஐப்பசி மழையை எதிர்பாராத இடர் என்று அறிக்கை விடுபவர்களுக்கு யாராவது ஒரு பஞ்சாங்கம் வாங்கிக் கொடுக்கலாம். அரசு கொள்முதல் நிலைய வாசலில் நெல் முளைவிடுவதும், திறந்தவெளிக் கிடங்கில் மூட்டைகள் கறுப்பதும் வானத்தின் குற்றமல்ல. கூரை போடாதவர்களின் குற்றம்.

விவசாயி கொண்டுவரும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், “காயவெச்சுக் கொண்டாங்க” என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவரும் ரோட்டில் கொட்டிக் கிளறி, தார்ப்பாய் மூடி, ராத்திரியெல்லாம் காவல் கிடந்து காயவைக்கிறார். அரசின் கைக்கு மாறியதும் அந்தக் கறார் எங்கே போகிறது? நெல் பல மாதம் கெடாமலிருக்க ஈரம் 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 17-ல் வாங்கியதை உலர்த்தாமலே சாக்கில் கட்டி, சவுக்குக் கட்டை பரப்பி அடுக்கி, மேலே கறுப்பு பாலித்தீனைப் போர்த்துகிறார்கள். நெல் உயிருள்ள விதை, மூச்சுவிடும், சூடாகும். அதன் ஆவி இரவுக் குளிரில் போர்வையின் உட்புறம் நீராகி மூட்டை மீதே சொட்டும். ஒரு துளி மழை பெய்யாமலே பூஞ்சை பிடித்துவிடும்.

தஞ்சை மாவட்டப் பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து வட்டக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. செங்கல் சுவர், நீர் தங்காத குவிந்த கூரை, 3,000 கலம் நெல் கொள்ளும் என்கிறார்கள். தொல்லியல் துறை அதைப் பத்திரமாகப் பாதுகாக்கிறது. நெல்லுக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை.

தானியம் மக்குவதைவிட ஏழைகளுக்கு இலவசமாகவே கொடுத்துவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் கடிந்தது. அப்போதும் குறை தானியத்தில் இல்லை, வைக்கும் இடத்தில்.

நிதி இல்லை என்ற பதில் எடுபடாது. வாங்கும் இடத்திலேயே உலர்த்தும் இயந்திரம் முதலில் வேண்டும். பிறகு, தரையீரம் ஏறாத மேடைத் தளமும், வெயில் நாளில் திறந்து மழை நாளில் இறுக மூடும் காற்றுப்போக்கிகளும் உள்ள கிடங்குகள். மூட்டையில் எடை குறைந்தால் கொள்முதல் நிலையப் பட்டியல் எழுத்தரின் கூலியில் கைவைக்கும் நிர்வாகம், கிடங்கு கட்டும் கோப்பைக் கிடப்பில் போட்ட அதிகாரியின் சம்பளத்திலும் அதே பிடித்தத்தைச் செய்யட்டும்.