பச்சை விளக்கு யாருக்கு?

தேனி நேரு சிலையருகே மதுரை ரோடும் பெரியகுளம் ரோடும் கம்பம் ரோடும் கூடுகின்றன. ஷிப்டு முடிந்த மில் தொழிலாளியும் களையெடுத்துத் திரும்பும் பெண்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இத்தகைய முக்குகளைக் கடக்கிறார்கள்.

இந்திய ரோடு காங்கிரஸ் (கட்சியல்ல, பொறியாளர் சபை) 1985-ல் வகுத்த சிக்னல் நெறிமுறையில் பாதசாரியின் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். 12 மீட்டர் ரோடு என்றால், கடைசியாக இறங்கியவருக்கு 10 விநாடிதான்! யார் இந்தப் பாதசாரி? கைவீசி நடக்கும் வாலிபர். எட்டு மணி நேரம் ஸ்பின்னிங்கில் நின்ற கால் அப்படி நடக்குமா? புல்லுக்கட்டு சுமக்கும் கிழவி விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால், பத்தாவது விநாடியில் அவளுக்கு இன்னும் 4 மீட்டர் பாக்கி. லாரி காத்திருக்குமா?

மோட்டார் முதலாளிகளின் சொர்க்கமான அமெரிக்காவே, விநாடிக்கு 4 அடி என்றிருந்த கணக்கை 2009-ல் மூன்றரை அடியாகக் குறைத்தது. நம் அதிகாரிகளுக்கு என்ன கேடு? ஜீப்பில் போகிறவருக்கு ரோட்டின் அகலம் தெரியும். சுமைகாரியின் நடை தெரியாது.

நாம் கேட்பது பிச்சையல்ல. சந்தை நாளில், ஷிப்டு விடும் வேளையில், அதிகாரிகள் முக்கில் வந்து நின்று ஜனங்களின் நடையை அளக்கட்டும். அந்தக் கணக்குப்படி பச்சை எரியட்டும்!